அம்மி நகர்ந்த கதை

தாம்பரத்தில் ஒரு பல் மருத்துவமனை. என் தம்பி மகள் நாற்காலியில் சாய்ந்திருக்கிறாள். 13 வயது. டாக்டரம்மா ஒரு சின்னத் தட்டை அவள் முன்னால் நீட்டுகிறார். தட்டில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, வண்ண வண்ணமாக ரப்பர் வளையங்கள். பல்லில் ஒட்டியிருக்கும் பிராக்கெட்டோடு கம்பியைப் பிடித்துவைப்பவை அவைதான். "எந்தக் கலர் வேணும்மா?" என்கிறார். அவள் என்னைப் பார்க்கிறாள். "அத்தை, போன தடவை நீலம். இந்தத் தடவை பச்சை போட்டுக்கட்டுமா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கம்பி பளிச்சென்று தெரியட்டும் என்று ஒரு பெண் குழந்தை கலர் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறாள். நான் கம்பி போட்டிருந்த இரண்டேகால் வருடத்தில், வகுப்பில் வாய்விட்டுப் பாடம் வாசித்ததாகக்கூட எனக்கு நினைவில்லை.

அன்று எங்களோடு இன்னொருவரும் வந்திருந்தார். பெரியம்மா மகள், எனக்கு அக்கா. 67 வயதாகிறது. மூலையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லுக்குக் கம்பி போடுவதன் அன்றையும் இன்றையும் சொல்ல வேண்டுமென்றால், கம்பியே போடாத அவளிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் எத்துப்பல் வழிவழியாக வருவது. அதைத் தடுக்கப் பாட்டியிடம் ஒரு முழு வைத்தியமே இருந்தது. பால்பல் விழுந்தால் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிய வேண்டும். விழுந்த இடத்தை நாக்கால் துழாவக் கூடாது, துழாவினால் தெத்துப்பல் முளைக்கும். விரல் சூப்பும் பிள்ளைக்குக் கட்டைவிரலில் வேப்பெண்ணெய். இத்தனைக்கும் மீறிப் பல் முன்னால் வந்துவிட்டால், ராத்திரி படுக்கும் முன் நூறு எண்ணி விரலால் உள்பக்கம் அழுத்த வேண்டும். அக்கா வருடக்கணக்கில் அழுத்தினாள். பல் அசையவில்லை. நாக்குத் துழாவலையும் விரல் சூப்புவதையும் பற்றிப் பாட்டி கவலைப்பட்டதில் உண்மை இருந்தது. வெகுநாள் விரல் சூப்பினாலும், நாக்கு ஓயாமல் பல்லைத் தள்ளினாலும் முன்பற்கள் வெளியே வரும் என்று இன்றைய மருத்துவமும் சொல்கிறது.

1979-ல் அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் பிடித்தது, பல்லைத் தவிர. முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. மேல்வரிசை முன்பற்கள் நான்கையும் பிடுங்கிவிட்டு, ஈறு ஆறியதும் கழற்றி மாட்டும் பல்செட் கட்டினார்கள். ஒன்றில்கூடச் சொத்தை கிடையாது. வேர் ஆழமாகப் பிடித்திருந்த, 21 வயதுப் பற்கள். அந்தக் காலத்தில் அது அதிசயமான வேலையும் இல்லை. எத்துப்பல் உள்ள பெண்ணுக்குக் கல்யாணம் கூடிவந்தால் அப்படித்தான் செய்தார்கள். கல்யாண போட்டோவில் அக்காவின் உதடுகள் இறுக மூடியிருக்கின்றன. பல் வரிசையாகிவிட்டது, ஆனாலும் அவள் சிரிக்கவில்லை.

பல்லைப் பிடுங்கினால் அது ஊன்றியிருந்த எலும்பு மெல்லக் கரைந்துபோகும். எலும்பு கரையக் கரைய செட் தளரும். இதுவரை நான்கு முறை மாற்றிவிட்டாள். ஆனால் சிரிக்கும்போது புடவைத் தலைப்பு வாய்க்குப் போகும் பழக்கம் மட்டும் மாறவே இல்லை.

அந்தக் கல்யாணத்தை என் அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். 1987-ல் எனக்கு 14 வயது. பள்ளிக்கூடத்தில் எனக்குச் சூட்டிய பட்டப்பெயரை இங்கே எழுத மனமில்லை. ஒருநாள் அதைச் சொல்லி அழுதேன். அப்பா ரயில்வேயில் வேலை பார்த்தவர். மறுநாளே லீவு போட்டு, என்னைத் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் அழைத்துக்கொண்டு கோட்டை ஸ்டேஷனில் இறங்கினார். எதிரிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி. 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. அப்பா டாக்டரிடம் கேட்டது ஒரே கேள்வி: "பிடுங்காம சரி பண்ண முடியுமா சார்?"

நகர்த்தலாம் என்றார் டாக்டர். ஆனால் நகர்வதற்கு இடம் வேண்டும். அதற்காகக் கோரைப்பல்லுக்கு அடுத்த சின்னப் பல்லை மேலே இரண்டும் கீழே இரண்டுமாக எடுக்க வேண்டும் என்றார். அப்பாவின் முகம் மாறியது. டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். எடுத்த பல்லின் இடம் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். முன்பற்கள் அந்த இடத்துக்குள் பின்னால் வந்து உட்காரும், வெறும் இடம் என்று எதுவும் மிஞ்சாது. "எவ்வளவு நாள் ஆகும் சார்?" "ரெண்டு வருஷம். கூடவும் ஆகலாம்." அப்பா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, "ஆகட்டும் சார். அவசரமில்லை" என்றார்.

அந்த இரண்டு வார்த்தையின் மதிப்பு எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. பல்லைச் சீராக்கும் கலையே அவசரத்தையும் முரட்டுத்தனத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிட்டுத்தான் வளர்ந்திருக்கிறது.

விரலால் அழுத்தச் சொன்ன என் பாட்டிக்கு ரோமாபுரியில் ஒரு முன்னோடி உண்டு. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் செல்சஸ் எழுதிய மருத்துவ நூலில், பால்பல் விழும் முன்பே புதுப்பல் முளைத்துவிட்டால் பால்பல்லை எடுத்துவிட்டு, புதியதைத் தினமும் விரலால் தள்ளி இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அப்போதுதான் முளைக்கும் பல்லுக்கு அது பலிக்கும். ஊன்றிவிட்ட பல்லுக்கு நாளில் சில நிமிட அழுத்தம் போதாது.

1728-ல் பிரான்சில் பியர் ஃபோஷார் பல் மருத்துவத்துக்கென்று ஒரு முழு நூலை வெளியிட்டார். குதிரை லாட வடிவில் ஓர் உலோகத் தகடு, அதில் துளைகள், துளை வழியாகப் பல்லைத் தகட்டோடு சேர்த்துக் கட்டும் நூல். இதுதான் இன்றைய கம்பியின் பாட்டன். அதே ஃபோஷார் இன்னொன்றும் செய்தார். பெலிக்கன் என்ற இடுக்கியால் கோணல் பல்லைப் பிடித்து, ஒரே அமர்வில் நெம்பி நேராக்கி, பக்கத்துப் பற்களோடு கட்டிவைத்தார். மயக்க ஊசி இல்லாத காலம் அது.

பல் சீரமைப்பைத் தனித் துறையாக்கியவர் அமெரிக்காவின் எட்வர்ட் ஆங்கிள். மேல் கடைவாய்ப்பல் கீழ் கடைவாய்ப்பல்லோடு எப்படிப் பொருந்துகிறது என்பதை வைத்து, கோணல்களை மூன்று வகையாக 1899-ல் பிரித்தார். டாக்டர்கள் இன்றும் கேஸ் ஷீட்டில் முதலில் எழுதுவது அந்த வகையைத்தான். 1928-ல் அவர் வெளியிட்ட எட்ஜ்வைஸ் என்ற அமைப்பில், செவ்வகக் கம்பி உட்காரச் செவ்வகப் பள்ளம் கொண்ட பிராக்கெட் வந்தது. என் தம்பி மகளின் பல்லில் இருப்பது அதன் பேரன் பேத்திதான். ஆங்கிள் காலத்துக் கம்பி தங்கக் கலவை. வசதி படைத்த வீடுகளுக்கே எட்டியது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வந்த பிறகுதான் விலை இறங்கியது.

ஆங்கிளிடம் பாடம் கேட்டுத் திரும்பிய ஆஸ்திரேலியர் ரேமண்ட் பெக். அவர் அடிலெய்டில் அந்நாட்டு ஆதிகுடிகளின் மண்டையோடுகளை ஆராய்ந்தார். கரடுமுரடான உணவை மென்று அவர்கள் பற்கள் தேய்ந்திருந்தன. தேய்ந்ததால் நெரிசலின்றி வரிசைக்குள் அடங்கின. மெத்தென்ற உணவு உண்ணும் நமக்குப் பல் தேய்வதில்லை, அதனால் இடமும் போதுவதில்லை என்று அவர் எண்ணினார். ஒரு பல்லைக்கூட எடுக்கக் கூடாது என்ற ஆசானின் பிடிவாதத்திலிருந்து விலகினார். உலோகவியல் தெரிந்த ஆர்தர் வில்காக் என்பவரைக் கொண்டு மெலிந்த, ஆனால் வளைந்தால் விறைத்து எழும் ஸ்டீல் கம்பியைச் செய்ய வைத்தார். கனம் 0.4 மில்லிமீட்டர். 1950-களில் உலகுக்குத் தெரியவந்த பெக் முறை, இந்தியப் பல் மருத்துவக் கல்லூரிகளில் பல பத்தாண்டுகள் கோலோச்சியது. எனக்குப் போட்டதும் அதுதான்.

கம்பியை ஏன் மெலிய வைக்க வேண்டும்? பல் எலும்பில் ஆணி போல அடித்திருக்கவில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே சுமார் கால் மில்லிமீட்டர் அகலத்தில் நார்கள் இருக்கின்றன. பல் அந்த நார்களில் தொங்குகிறது. ஒரு பக்கம் மெல்ல அழுத்தினால், அழுந்தும் பக்கத்தில் சில செல்கள் எலும்பைத் தின்று வழி விடுகின்றன. இழுபடும் பக்கத்தில் வேறு செல்கள் புது எலும்பைக் கட்டுகின்றன. பல் இப்படித்தான் இடம் மாறுகிறது. ஓங்கி அழுத்தினால் அந்த நாரிலுள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் நசுங்கி, அந்த இடமே செத்துவிடும். செத்ததை உடல் அகற்றும் வரை பல் நகராது. வலிதான் மிச்சம். ஸ்வீடனின் கார்ல் சாண்ட்ஸ்டெட் 1904-ல் நாய்களின் பற்களில் இதைக் கண்டார். 1932-ல் ஷ்வார்ஸ் என்பவர் அளவையும் சொன்னார்: சதுர சென்டிமீட்டருக்கு 20 முதல் 26 கிராம். ரத்தக் குழாய் மூடாத அளவு அழுத்தம், அதற்கு மேல் வேண்டாம்.

அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். பல் விஷயத்தில் அடியே வேண்டாம். கை எடுக்காமல் தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.

1987-ல் அந்தத் தொடுதல் எனக்கு அவ்வளவு மெத்தென்று இல்லை. கடைவாய்ப் பற்களுக்கு உலோக வளையம் மாட்ட இடம் வேண்டுமென்று, ஒரு வாரம் முன்பே பற்களுக்கு நடுவே கம்பித் துண்டை முறுக்கி வைத்தார்கள். அந்த வாரம் முழுக்க ரசம் சாதம்தான். எனக்கு முந்தைய தலைமுறைக்கு எல்லாப் பல்லுக்குமே அப்படி வளையம் உண்டு. வாய் நிறைய உலோகம். சிமென்ட் கரைந்தால் வளையத்தின் அடியில் சொத்தை பிடிக்கும். வளையத்தைக் கழற்றியதும் பல்லுக்குப் பல் இடைவெளி தெரியும். அதிலிருந்து விடுதலை தந்தவர் அமெரிக்காவின் மைக்கேல் புவனகோர். உலோகத்தில் பெயின்ட் நன்றாக ஒட்டப் பாஸ்பாரிக் அமிலம் பூசுவார்கள். அதையே பல் எனாமலில் பூசிப் பார்த்தால் என்ன என்று 1955-ல் செய்து காட்டினார். எனாமல் கண்ணுக்குத் தெரியாத அளவில் சொரசொரப்பாகி, பசையை இறுகப் பிடித்துக்கொண்டது. பிராக்கெட்டை நேரே பல்லின் மேல் ஒட்டலாம் என்று ஆனது அதன் பிறகுதான்.

என் டாக்டர் கம்பியை வளைக்கும் காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்வார். இடது கையில் கம்பி, வலது கையில் பிளையர். நெரிசலான ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு வளைவு வைத்து, என் பல் அச்சின் மேல் பொருத்திப் பார்ப்பார், எடுப்பார், ஒரு நூலளவு திருத்துவார், மறுபடி வைப்பார். அந்த வளைவுகள்தான் கம்பிக்குச் சுருள்வில்லின் இளக்கத்தைக் கொடுத்தவை. முக்கால் மணி நேரம் ஆகும். பிறகு ஒவ்வொரு பிராக்கெட்டிலும் பித்தளை ஊசி செருகி, அதன் வாலை மடக்கிவிடுவார். மடங்காத வால் கன்னத்தைக் கிழிக்கும். அம்மா மெழுகுவத்தியைச் சுரண்டி உருட்டித் தருவாள், அதை அந்த ஊசி முனையில் அப்பிக்கொண்டு தூங்குவேன். பொங்கலுக்குக் கரும்பு கிடையாது. தீபாவளிக்கு முறுக்கு கிடையாது. கடலைமிட்டாயைத் தொடவே கூடாது.

என் தம்பி மகளுக்கு மாட்டிய கம்பி ஓர் உறையிலிருந்து வந்தது. வளைவே இல்லாத, வில் போன்ற நிக்கல் டைட்டானியம் கம்பி. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் வில்லியம் பியூலர் கண்டறிந்த உலோகக் கலவை அது. நன்றாக மடக்கினாலும் தன் பழைய வடிவத்துக்கே திரும்பும். 1970-களின் தொடக்கத்தில் ஐயோவா பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஆண்ட்ரியாசன் அதைப் பல்லுக்குக் கொண்டுவந்தார். கோணல் பல்லுக்கு ஏற்ப வளைந்து உட்கார்ந்த கம்பி, மெதுவாக, ஒரே சீரான மென்மையோடு நேராகும்போது பல்லையும் கூட்டிக்கொண்டு வருகிறது. என் டாக்டர் பிளையரால் வருந்தி வரவழைத்த இளக்கம் இந்த உலோகத்தின் பிறவிக் குணம்.

பிராக்கெட்டும் மாறிவிட்டது. கலிபோர்னியாவின் லாரன்ஸ் ஆண்ட்ரூஸ், சிகிச்சையே தேவைப்படாத 120 அழகான பல்வரிசைகளின் அச்சுகளை அளந்தார். எந்தப் பல் எவ்வளவு சாய்ந்திருந்தால் வரிசை அமையும் என்று 1972-ல் எழுதினார். அந்தச் சாய்வைப் பிராக்கெட்டிலேயே செதுக்கிவிட்டதால், டாக்டர் ஒவ்வொரு கம்பியிலும் அதை வளைக்க வேண்டியதில்லை. பசை நீல வெளிச்சம் காட்டினால் நொடிகளில் இறுகுகிறது. வாய் நிறைய மாவை அப்பி, குமட்டலை அடக்கி அச்செடுத்த இடத்தில் பேனா போன்ற ஸ்கேனர் வந்திருக்கிறது. எலும்பில் சின்னத் திருகாணி பொருத்தி, அதைப் பிடிமானமாக வைத்துப் பல்லை இழுக்கிறார்கள். முன்பு பல் எடுத்தே ஆக வேண்டியிருந்த சிலருக்கு இன்று எடுக்காமலே முடிகிறது.

காத்திருப்போர் வரிசையும் மாறிவிட்டது. அன்று கோட்டை ஸ்டேஷன் எதிரே என்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் கல்யாண வயதை நெருங்கும் பெண்கள், பக்கத்தில் கவலை முகத்தோடு தாய்மார்கள். இன்று தாம்பரத்தில் ஒரு கல்லூரிப் பையன், அலுவலக அடையாள அட்டை கழுத்தில் தொங்க நாற்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி, இரண்டு பள்ளிப் பிள்ளைகள். அந்தப் பெண்மணி தன் சம்பளத்தில், மாதத் தவணையில், தனக்காகவே போட்டுக்கொண்டிருக்கிறார். பல் நெரிசலில் பிரஷ் போகாமல் ஈறு வீங்கியதாம். துருத்திய முன்பல் கீழே விழும்போது எளிதில் உடையும், நெரிந்த பல்லில் அழுக்கு தங்கும். மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படாத இந்தக் காரணங்களை இன்று பெற்றோரே கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள்.

ஆனால் அவசரம் திரும்பி வந்திருக்கிறது. நாங்கள் அங்கே இருந்தபோதே ஒருவர் போனில் கேட்டார், மகளுக்கு மூன்று மாதத்தில் கல்யாணம், அதற்குள் முடியுமா என்று. டாக்டரம்மா பொறுமையாக, "எலும்பு ஒத்துக்கணுமே சார்" என்றார். எந்தக் கம்பி போட்டாலும் பல் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். பெக் காலத்திலும் அதுதான், இன்றும் அதுதான். 1990-களின் கடைசியில் வந்த, கழற்றி மாட்டும் கண்ணாடி போன்ற அலைனர்களுக்கும் விதிவிலக்கு இல்லை. டாக்டரை நேரில் பார்க்காமலே வீட்டுக்கு அலைனர் அனுப்பிய ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற அமெரிக்க நிறுவனம் 2014-ல் தொடங்கி, 2023 டிசம்பரில் மூடியது. பாதி சிகிச்சையில் இருந்தவர்கள் தெருவில் நின்றார்கள். மாதாமாதம் ஒருவர் வாயைத் திறந்து பார்ப்பதும் சிகிச்சையில் அடக்கம் என்பதை அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

இந்த மாற்றம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். தனியாரிடம் உலோகக் கம்பிக்கே சில பத்தாயிரங்கள் வேண்டும். அலைனர் பல இடங்களில் லட்சத்தைத் தாண்டும். சென்னை போலச் சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. குறைந்த செலவில் அங்கே கம்பி போடலாம். ஆனால் மாதாமாதம் வந்துபோக வேண்டிய சிகிச்சை இது. ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை இழந்து, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தொலைதூரத்திலிருந்து பஸ் ஏற வேண்டிய தாய்க்கு இரண்டு வருடம் என்பது மலை. தருமபுரி பக்கம் இன்னொரு சிக்கல். நிலத்தடி நீரின் ஃப்ளோரைடால் எனாமல் கறைபட்டுக் கெட்டுப்போன பல்லில் பிராக்கெட் சரியாக ஒட்டாது. 2013-ல் ஒகேனக்கல் குடிநீர் வந்தது. அதைக் குடித்து வளரும் பிள்ளைகளுக்காவது அந்தச் சிக்கல் குறையட்டும். மாவட்டத் தலைநகர் ஒவ்வொன்றிலும் அரசு மருத்துவமனையில் கம்பி போடும் டாக்டர் ஒருவர் இருக்க வேண்டும். இது அழகுக்கான ஆடம்பரம் என்று யாராவது சொன்னால், என் அக்காவின் கல்யாண போட்டோவை அவர்களிடம் காட்டுவேன்.

கம்பியைக் கழற்றுவதோடு வேலை முடிவதில்லை. பல்லுக்குப் பழைய இடத்தின் ஞாபகம் உண்டு, நார்கள் அதைப் பின்னுக்கு இழுக்கும். அதனால்தான் ரிடெய்னர். எனக்குக் கொடுத்தது இளஞ்சிவப்புத் தகடும் முன்னால் ஒரு கம்பியும் கொண்டது. ஒரு கல்யாணப் பந்தியில் கழற்றிக் காகிதத்தில் சுற்றி இலை ஓரம் வைத்தேன். இலையோடு போய்விட்டது. வீட்டில் சொல்லப் பயந்து மறைத்தேன். கீழ்வரிசையில் இரண்டு பற்கள் மெல்லத் திரும்பிக்கொண்டன, இன்றும் அப்படியே இருக்கின்றன. தம்பி மகளிடம் இதை ஒன்றுக்கு நான்கு முறை சொல்லியிருக்கிறேன்.

பச்சை வளையம் போட்டு முடிந்தது. அவள் கண்ணாடியைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தாள். டாக்டரம்மா அடுத்த தேதியைக் கார்டில் எழுதினார். "இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கு. அவசரப்படக் கூடாது, சரியா?"

"சரி டாக்டர்" என்றாள் அவள், அது ஒரு பெரிய விஷயமே இல்லை என்பதுபோல.

அக்கா எழுந்து வந்து அந்தக் கார்டை வாங்கிப் பார்த்தாள். தேதிகளின் வரிசையை ஆரம்பத்திலிருந்து விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "எனக்கு ரெண்டு மாசம்தான் குடுத்தாங்கடி."